கொட்டகையில் நிற்கும் பழைய டிராக்டர்: எடைக்கா, ஓட்டத்துக்கா, வைத்துக்கொள்வதா?

“எடைக்குப் போடுறீங்களா, ஓட்டத்துக்குக் கொடுக்கிறீங்களா?” என்று புரோக்கர் கேட்டார். அப்பா இறந்த பிறகு இரண்டு வருடமாகக் கொட்டகையிலேயே நின்ற டிராக்டருக்கு முன்னால் நானும் அண்ணனும் சித்தப்பாவும் நின்றுகொண்டிருந்தோம். மூன்று பேருக்கும் பதில் தெரியவில்லை. மூவரும் ஓட்டப் பழகியது அந்த வண்டியில்தான். ஆனால் “மாஸி வண்டி, ரொம்பப் பழசு” என்பதற்கு மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை.

அவர் ஒரு விலை சொன்னார். அண்ணன் தலையாட்டப் போன நேரத்தில் சித்தப்பா, “ஒரு வாரம் பொறுங்க” என்றார். அந்த ஒரு வாரத்தில் தெரிந்தது, அது மாஸி ஃபெர்குஸனே இல்லை என்பது.

அதற்கப்புறம் இதே நிலையில் இருந்த பலர் என்னிடம் யோசனை கேட்டிருக்கிறார்கள். எல்லோருடைய முதல் கேள்வியும் “எவ்வளவுக்குப் போகும்?” என்பதுதான். என் பதில் எப்போதும் ஒன்று: வண்டி நம்பர் தெரியாமலும், எஞ்சின் சுற்றுகிறதா என்று பார்க்காமலும் யாரிடமும் விலை பேசாதீர்கள். இந்த இரண்டையும் ஒரே மதியத்தில் தெரிந்துகொள்ளலாம். எந்த வழியில் விற்பது என்ற குழப்பத்தில் பாதி அத்தோடு தீர்ந்துவிடும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

ஒவ்வொரு வழியையும் நான் ஐந்து விஷயங்களில் உரசிப் பார்க்கிறேன்.

- என்ன வண்டி, எந்த வருடம், உதிரி பாகம் இன்னும் கிடைக்கிறதா
- எஞ்சின் ஓடுகிறதா, சுற்ற மட்டும் செய்கிறதா, இறுகிவிட்டதா
- வண்டி முழுசாக இருக்கிறதா (டைனமோ, ரேடியேட்டர், பின்னால் கலப்பையைத் தூக்கும் லிஃப்ட் கைகள், அதை மேலே பிடிக்கும் டாப் லிங்க் எல்லாம்)
- பேப்பர் யார் பெயரில், எத்தனை பேர் கையெழுத்துப் போட வேண்டும்
- செலவு போகக் கையில் நிற்பது எவ்வளவு, அதற்கு எத்தனை நாள் ஆகும்

கடைசியில் சொன்னதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கேட்ட விலையை மனதில் வைத்துக்கொள்கிறார்கள். டயருக்கும் லாரி வாடகைக்கும் கொடுத்ததை மறந்துவிடுகிறார்கள்.

## பானெட்டைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள்

பெயிண்டும் பானெட்டில் இருக்கும் எழுத்தும் சாட்சி ஆகாது. முப்பது நாற்பது வருடத்தில் தகடு மாறியிருக்கும், இருக்கை மாறியிருக்கும், எஞ்சினே வேறு வண்டியிலிருந்து வந்திருக்கும்.

எங்கள் வண்டியின் பானெட் சிவப்பு. பானெட் கீல் பக்கத்தில் பெயிண்ட் உரிந்திருந்த இடத்தைச் சித்தப்பா நகத்தால் சுரண்டினார். சிவப்புக்குக் கீழே சாம்பல் நிறம். அப்புறம் ஸ்டீயரிங்குக்குக் கீழே டாஷ்போர்டில் ஒட்டியிருந்த கிரீஸையும் தூசியையும் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஊறவைத்து, மூங்கில் சிம்பால் மெதுவாக எடுத்தார். சின்னத் தகடு ஒன்று தெரிந்தது. அதில் நம்பருக்கு முன்னால் ‘டி.இ.டி.’ என்று மூன்று எழுத்து. மாஸி ஃபெர்குஸன் என்ற பெயர் வருவதற்கு முன், 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் செய்யப்பட்ட ஃபெர்குஸன் டி.இ. 20 வரிசை அது. ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்த அந்த வண்டிகள் எல்லாம் சாம்பல் நிறத்தில்தான் வெளிவந்தன. எங்கள் வண்டிக்குச் சிவப்பு அடித்தது யார், எப்போது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

நம்பர் தேடும்போது கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். மெல்லிய தகட்டில் இருக்கும் எழுத்தையும் சேர்த்து அது தேய்த்துவிடும். இரும்பில் குத்திய நம்பர் மங்கலாக இருந்தால் மேலே சாக்பீஸைத் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தெரிந்ததும் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோவில் 3-ம் 8-ம் ஒன்றுபோல் விழும். பென்சில் பிரதியில் குழப்பம் வராது.

வண்டியில் மூன்று வகை நம்பர் இருக்கும். ஆணி அடித்த தகட்டில் இருப்பது வண்டியின் வரிசை எண். எஞ்சின் பிளாக்கில் குத்தியிருப்பது எஞ்சின் எண். வார்ப்பிலேயே மேடாகத் துருத்தி நிற்பது வார்ப்பு எண். அது அந்தப் பாகத்தின் வடிவத்துக்கு உரியது, ஆயிரக்கணக்கான வண்டிகளில் அதே எண் இருக்கும். அதை வரிசை எண் என்று நினைத்து வருடம் தேடி அலைந்தவர்கள் நிறையப் பேர்.

அடிக்கடி கண்ணில் படும் சில வண்டிகளுக்கான அடையாளங்களைச் சொல்கிறேன்.

ஃபெர்குஸன் டி.இ. 20. முன்னெழுத்தே எஞ்சினைச் சொல்லிவிடும். டி.இ.ஏ. என்றால் பெட்ரோல். டி.இ.டி. என்றால் பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாற்றி ஓட்டுவது. டி.இ.எஃப். என்றால் டீசல்.

மாஸி ஃபெர்குஸன் 35, 135. 35-ல் முதலில் வந்த டீசல் வண்டிகளுக்கு நாலு சிலிண்டர் எஞ்சின். குளிரில் கிளம்பச் சிரமப்படும் என்று பெயர் வாங்கியது. 1959-ல் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் வந்தது. சிலிண்டருக்கு ஒன்றாக டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை எண்ணினாலே எது என்று தெரிந்துவிடும். ஓட்டத்துக்கு வாங்குகிறவர் மூன்று சிலிண்டரைத்தான் கேட்பார். 1960-களின் நடுவில் வந்த 135-இலும் அதே குடும்பத்து எஞ்சின்தான். பல நாடுகளில் இதைச் செய்ததால் இன்றைக்கும் பாகம் கிடைக்கிறது.

ஃபோர்டு 9 என், 2 என், 8 என். இதில் வரிசை எண்ணே எஞ்சினின் இடப்பக்கம் பிளாக்கில் குத்தியிருக்கும். 2 என் வண்டியிலும் நம்பர் ‘9 என்’ என்றே தொடங்கும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நம்பர் அழிந்திருந்தால் மிதியைப் பாருங்கள். 8 என்-இல் இரண்டு பிரேக் மிதியும் வலப்பக்கம், கியர் நான்கு. 9 என்-இலும் 2 என்-இலும் ஒரு பிரேக் இடப்பக்கம் கிளட்ச்சோடு இருக்கும், கியர் மூன்று.

1965-க்குப் பிந்தைய ஃபோர்டு. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மேலே தட்டையான இடத்தில் ‘5 ஏ 15 பி’ என்பது போல ஒரு குறியீடு இருக்கும். முதல் எண் வருடத்தின் கடைசி இலக்கம், அடுத்த எழுத்து மாதம், பிறகு தேதி, கடைசி எழுத்து ஷிஃப்ட். 5 என்பது 1965-ஆ 1975-ஆ என்பதை மாடல் நம்பரை வைத்துத்தான் சொல்ல முடியும்.

ஃபார்மால் ஹெச், எம். வரிசை எண்ணில் எஃப்.பி.ஹெச். என்று இருந்தால் ஹெச், எஃப்.பி.கே. என்று இருந்தால் எம்.

இன்னொன்று: ஒரே வண்டி பல பெயரில் வந்திருக்கிறது. இன்டர்நேஷனல் பி 275 இங்கிலாந்தில் பிறந்தது. 1963-ல் மஹிந்திரா டிராக்டர் தொழிலில் இறங்கியது அதே பி 275-ஐ வைத்துத்தான். செக் நாட்டு ஸீட்டரை நம் நாட்டு எச்.எம்.டி. நிறுவனம் தன் பெயரில் செய்தது. உங்கள் வண்டிக்குப் பாகம் இல்லை என்று யாராவது சொன்னால், அதன் இரட்டைப் பிறவி எது என்று ஒருமுறை விசாரியுங்கள்.

## எஞ்சின்: கிளப்புவதற்கு முன் சுற்றிப் பாருங்கள்

வருடக்கணக்கில் நின்ற வண்டிக்கு நேராக பேட்டரி கொடுத்து செல்ஃப் போடாதீர்கள். முதலில் எஞ்சினுக்கு அடியில் ஆயில் வடிக்கும் பிளக்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஆயிலுக்கு முன் தண்ணீர் வந்தால் உள்ளே ஏதோ கசிந்திருக்கிறது அல்லது புகைக்குழாய் வழியாக மழை இறங்கியிருக்கிறது. பிறகு ஸ்பார்க் பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, முன்பக்கக் கைப்பிடியாலோ கிராங்க் புல்லியில் ஸ்பானர் போட்டோ கையால் சுற்றுங்கள். முழுசாக இரண்டு சுற்று வந்தால் நல்ல செய்தி.

வரவில்லை என்றால் சிலிண்டருக்குள் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். தினமும் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். கியரில் போட்டு இன்னொரு டிராக்டரால் இழுத்துப் பார்க்கும் பழக்கம் இருக்கிறதே, அது வேண்டாம். இறுகிய எஞ்சினில் கனெக்டிங் ராடு வளைந்துவிட்டால், விலை போக வேண்டிய எஞ்சின் இரும்பாகிவிடும்.

## வழி 1: நிற்கிற நிலையிலேயே விற்பது

செலவு குறைவு. தூசி தட்டி, நம்பர் தெரிகிற மாதிரி துடைத்து, எல்லாப் பக்கமும் படம் எடுத்து, குறையை மறைக்காமல் சொல்லி விற்பது. எஞ்சின் கையால் சுற்றும், வண்டி முழுசாக இருக்கிறது, ஆனால் உங்களுக்கு மெக்கானிக் வேலையும் தெரியாது நேரமும் இல்லை என்றால் இதுதான் சரியான வழி.

மறைந்திருக்கும் செலவு, வாங்குகிறவரின் சந்தேகம். ஓடாத வண்டிக்கு அவர் மோசமான நிலையைக் கணக்கிட்டே விலை சொல்வார். அதைக் குறைக்க ஒரே வழி அவர் கண் முன்னால் எஞ்சினைக் கையால் சுற்றிக் காட்டுவது. சும்மா “நல்லா இருந்த வண்டிங்க” என்றால் யாரும் காசு கூட்டித் தர மாட்டார்கள்.

## வழி 2: ஓடவிட்டு விற்பது

ஓடுகிற வண்டிக்கும் ஓடாத வண்டிக்கும் விலையில் இருக்கும் இடைவெளிதான் பழைய டிராக்டர் வியாபாரத்திலேயே பெரியது. பல சமயம் அந்த இடைவெளியைத் தாண்டச் சின்ன வேலை போதும்: பழைய எரிபொருளை வடித்து டேங்கைக் கழுவுவது, ஃபில்டர் மாற்றுவது, டீசல் லைனில் காற்றை எடுப்பது, பெட்ரோல் வண்டியில் பிளக்குக்குப் பொறி வரவைக்கும் பிளாட்டின பாயிண்டைச் சுத்தம் செய்வது, நல்ல பேட்டரி ஒன்று. ஒரு சனி, ஞாயிறில் முடியும்.

பேட்டரி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஃபோர்டு 8 என் போன்ற பழைய வண்டிகள் 6 வோல்ட்; அதிலும் பாசிட்டிவ் முனைதான் பாடியில் மாட்டும். இப்போதைய பழக்கத்தில் 12 வோல்ட்டை நெகட்டிவ் எர்த்தாக மாட்டினால் வயரிங்கில் கை வைக்க வேண்டி வரும்.

எங்கே நிறுத்துவது என்று தெரியாமல்தான் இந்த வழியில் பணம் போகிறது. கிளம்பிவிட்டதும் ஆசை வரும். பின்டயர் ஜோடி மாற்றலாமே, கிளட்ச் போடலாமே, பெயிண்ட் அடிக்கலாமே என்று. பின்டயர் ஜோடியின் விலை சில பழைய வண்டிகளின் மொத்த விலைக்கே பக்கத்தில் வந்துவிடும். அதில் போட்ட பணம் முழுசாகத் திரும்பாது. என் கணக்கு எளிது: கிளம்ப வேண்டும், கியர் விழ வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும், லிஃப்ட் கலப்பையைத் தூக்க வேண்டும். அதோடு நிறுத்திவிடுங்கள்.

பெயிண்ட் பற்றி அழுத்திச் சொல்கிறேன். விற்பதற்காகப் பெயிண்ட் அடிக்கவே அடிக்காதீர்கள். ஓட்டத்துக்கு வாங்குகிறவர் ‘எதை மறைக்கிறார்கள்’ என்று யோசிப்பார். சேகரிக்கிறவருக்கு அசல் பெயிண்ட்தான் மதிப்பு, அது பாதி உரிந்திருந்தாலும் சரி. இரண்டு பேரையும் ஒரே டப்பா பெயிண்ட்டில் இழந்துவிடுவீர்கள்.

## வழி 3: டீலரிடம் மாற்றிக்கொள்வது

புது வண்டியோ நடுத்தர வயது வண்டியோ வாங்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் யோசிக்க வேண்டிய வழி. வேலை மிச்சம், வண்டி எடுத்துப்போவது அவர் பொறுப்பு. ஆனால் பழைய வண்டிக்குக் கொடுத்த ‘நல்ல விலை’ புதிய வண்டியின் தள்ளுபடியில் காணாமல் போயிருக்கும். முதலில் பழைய வண்டி இல்லாமல் புது வண்டிக்கு விலை கேளுங்கள். அப்புறம் மாற்றுப் பேச்சை எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் பழைய வண்டிக்கு அவர் உண்மையில் தரும் விலை.

## வழி 4: சேகரிப்பவரிடம் அல்லது ஏலத்தில்

அடையாளம் காண்பதற்கு இவ்வளவு இடம் கொடுத்ததே இதற்காகத்தான். குறைவாகச் செய்யப்பட்ட மாடல், ஒரு மாடலின் முதல் சில மாத வண்டிகள், அசல் பாகங்கள் மாறாதது, ஒரே குடும்பத்தில் இருந்தது, வாங்கிய பில்லும் கையேடும் கூட இருப்பது: இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தால் சேகரிப்பவர் ஓடாத வண்டியையும் கேட்பார். டூல் பாக்ஸ், அசல் ஸ்பானர், கூட வந்த கலப்பை எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

ஆனால் பழசு என்பதாலேயே அரியது என்று ஆகிவிடாது. லட்சக்கணக்கில் செய்த வண்டிகளுக்கு விலை அதன் நிலையில்தான் இருக்கிறது. ஏலத்தில் கமிஷனும் லாரிச் செலவும் உண்டு. குறைந்தபட்ச விலையை எழுத்தில் வைக்காவிட்டால், ஆள் வராத நாளில் அடிமாட்டு விலைக்குப் போய்விடும். சரியான ஆள் கிடைக்க மாதங்கள் ஆகலாம். அவசரப் பணத்துக்கு இந்த வழி ஒத்துவராது.

## வழி 5: பிரித்து விற்பது அல்லது எடைக்குப் போடுவது

டி.இ. 20 போன்ற சின்ன வண்டியே ஒரு டன்னுக்கு மேல் எடை இருக்கும். அதனால் எடைக்குப் போட்டாலும் ஒரு தொகை வரும், அன்றைக்கே வரும். பிளாக் வெடித்து, கியர்பாக்ஸ் உடைந்து, பாதி பாகம் காணாமல் போயிருந்தால் இதில் தப்பில்லை. ஆனால் காயலான் கடைக்கு முன்னால் பாகமாகக் கணக்குப் போடுங்கள். டீசல் பம்பு, ஸ்டார்ட்டர், லிஃப்ட் கவர், நல்ல ரிம், முன்பக்க வெயிட், ஸ்டீயரிங் பெட்டி இவை இரும்பு விலையைவிட எவ்வளவோ மேலே போகும்.

பிரிப்பதற்கு இடம், தூக்கும் செயின், மாதக்கணக்கான நேரம் எல்லாம் வேண்டும். நல்ல பாகம் முதல் மாதத்தில் போய்விடும். மீதி எலும்புக்கூடு கொட்டகையிலேயே கிடக்கும். வடித்த ஆயிலை மண்ணில் ஊற்றிவிடக் கூடாது, அதற்கும் ஒரு வழி பார்க்க வேண்டும். ஒருமுறை பிரித்த வண்டியைத் திரும்பச் சேர்க்க முடியாது என்பதால் மேலே சொன்ன நான்கு வழிகளும் மூடிய பிறகே இங்கே வாருங்கள்.

## வழி 6: விற்காமல் வைத்துக்கொள்வது

வீட்டில் யாராவது ஒருவர் அதை மாதம் ஒருமுறை கிளப்பப் போகிறார் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். யாரும் தொடப்போவதில்லை என்றால் அது வண்டியைக் காப்பாற்றுவது ஆகாது. புகைக்குழாய் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்ப்பது, அச்சுக்குக் கீழே கட்டை கொடுத்து டயரைத் தரையிலிருந்து தூக்குவது, ரேடியேட்டர் தண்ணீரை வடிப்பது, கையால் எஞ்சினைச் சுற்றி விடுவது இவ்வளவுதான் வேலை. இதுவும் நடக்கவில்லை என்றால் ஒவ்வொரு வருடமும் அது வழி 5-ஐ நோக்கி நகர்கிறது.

## ஒரே பார்வையில்

| வழி | கைக்காசு செலவு | ஆகும் நாள் | மறைந்திருக்கும் செலவு | எப்போது நல்லது |
|---|---|---|---|---|
| நின்ற நிலையில் | மிகக் குறைவு | சில வாரம் | சந்தேகத்தால் குறையும் விலை | எஞ்சின் சுற்றுகிறது, நேரம் இல்லை |
| ஓடவிட்டு | நடுத்தரம் | ஒன்றிரண்டு மாதம் | டயர், நிறுத்தத் தெரியாத ரிப்பேர் | பாகம் கிடைக்கும் பரவலான மாடல் |
| டீலர் மாற்று | இல்லை | ஒரே நாள் | போன தள்ளுபடி | எப்படியும் வேறு வண்டி வாங்கும்போது |
| சேகரிப்பவர், ஏலம் | குறைவு | பல மாதம் | கமிஷன், லாரி, காத்திருப்பு | அரிய மாடல், மாறாத அசல் வண்டி |
| பிரித்து, எடைக்கு | உழைப்பு அதிகம் | ஒரு நாள் முதல் ஒரு வருடம் | மிச்சம் கிடக்கும் எலும்புக்கூடு | எஞ்சினும் கியர்பாக்ஸும் போனது |
| வைத்துக்கொள்வது | கொஞ்சம், ஆனால் நிற்காது | காலவரை இல்லை | இடம், துரு | பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும்போது |

## பேப்பரும் குடும்பமும்

எந்த வழியாக இருந்தாலும் வண்டி இறந்தவர் பெயரில் இருந்தால் வாரிசுகள் அனைவரும் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். விலை பேசி முன்பணம் வாங்கிய பிறகு அக்காவுக்கு விஷயம் தெரியவருவதைப் போல உறவைக் கெடுப்பது வேறில்லை. ஒருவர் வைத்துக்கொள்ள விரும்பினால், வெளி ஆள் ஒருவர் சொன்ன விலையை அடிப்படையாக வைத்து மற்றவர்களுக்குப் பங்கு கொடுக்கட்டும். பழைய கடன் அடைந்ததற்கான சான்று இருக்கிறதா, பேப்பரில் உள்ள நம்பரும் வண்டியில் உள்ள நம்பரும் ஒன்றா என்றும் பாருங்கள். எஞ்சின் மாறியிருந்தால் அதை மறைக்காமல் எழுதிக் கொடுங்கள்.

இன்னொரு பொறுப்பும் உண்டு. பழைய வண்டிகளில் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டகம் இருக்காது, பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு மூடியும் பெரும்பாலும் தொலைந்திருக்கும். வாங்குகிறவர் இளைஞராக இருந்தால் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சரிவில் அந்த வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்று உங்கள் வீட்டில் ஓட்டியவருக்குத்தான் தெரியும்.

நாங்கள் கடைசியில் இரண்டாவது வழியில் பாதி தூரம் போனோம். டேங்கைக் கழுவி, பாயிண்டைத் துடைத்து, சித்தப்பா கைப்பிடி போட்டுச் சுற்றினார். நாலாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. டயரையும் பெயிண்டையும் தொடவில்லை. சாம்பல் ஃபெர்குஸனையே தேடிக்கொண்டிருந்த ஒருவர், புரோக்கர் சொன்ன விலைக்கு மூன்று மடங்கு கொடுத்து எடுத்துப்போனார். சிவப்பை அவரே சுரண்டிக்கொள்கிறாராம். நம்பர் தகட்டின் பென்சில் பிரதியை இரண்டாக எடுத்திருந்தோம். ஒன்றை வண்டிப் பேப்பரோடு அவரிடம் கொடுத்தோம். இன்னொன்று, அப்பாவின் கணக்கு நோட்டுக்குள் இருக்கிறது.